கான்ஃபிடன்ஸ்னா தன்னம்பிக்கை மட்டும்தானா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை உங்க பேப்பர்ல மாணவர் பக்கத்துல, தினம் ஒரு இங்கிலீஷ் வார்த்தை போடுற கட்டத்துல, கான்ஃபிடன்ஸ்ங்கிற வார்த்தை வந்திருந்துச்சு. அதுக்கு நேரா தன்னம்பிக்கைன்னு ஒரே ஒரு அர்த்தம், கீழ ஒரு உதாரண வாக்கியம், அதோட கட்டம் முடிஞ்சுபோச்சு. சின்ன கட்டம்தான், இடம் பத்தாதுன்னு எனக்கும் தெரியும், ஆனா இந்த ஒரு வார்த்தைக்கு அந்த ஒரு அர்த்தத்தை மட்டும் பிடிச்சுக்கிட்டா என்ன ஆகும்னு நான் கண்ணால பார்த்தவன், அதனாலதான் இவ்வளவு பெரிய லெட்டர் எழுதுறேன், பொறுமையா படிச்சீங்கன்னா சந்தோஷம்.

நான் திண்டுக்கல்ல கோர்ட்டு பக்கத்துல ஜாப் டைப்பிங் கடை வச்சிருக்கேன். தமிழ், இங்கிலீஷ் ரெண்டும் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணிட்டு இந்த வேலைக்கு வந்தேன், ரெமிங்டன் மெஷின்ல ஆரம்பிச்சு இப்ப கம்ப்யூட்டர், பிரிண்டர், ஜெராக்ஸ் எல்லாம் ஒரே ரூமுக்குள்ள. அபிடவிட், வாடகை ஒப்பந்தம், மனு, லீகல் நோட்டீஸ், பையன்களுக்கு பயோடேட்டா, இதுதான் பொழப்பு. கூடவே இங்கிலீஷ்ல லெட்டர் வந்தவங்க எடுத்துட்டு வந்து "என்ன போட்டிருக்கான்னு கொஞ்சம் படிச்சு சொல்லுங்கண்ணே"ன்னு கேப்பாங்க, அதையும் செய்வேன், அதுக்குக் காசு வாங்குறது இல்ல.

1995, 96 வாக்குல நடந்தது. பக்கத்துல ஒரு நூல்மில்லுல ஸ்பின்னிங்ல வேலை பார்த்த ஒருத்தர் என்கிட்ட வந்தாரு. அவரோட ஷிப்ட்ல வேலை பாக்குற பொம்பளைப் பிள்ளைங்ககிட்ட ஒரு சூப்பர்வைசர் தப்பா நடந்துக்குறான், ரெண்டு பிள்ளைங்க இவரை அண்ணனா நினைச்சு அழுதுக்கிட்டே சொல்லியிருக்காங்க, இவரு தாங்க முடியாம ஹெட் ஆபீஸுக்கு ஒரு புகார் எழுதணும்னு வந்தாரு. நான்தான் டைப் பண்ணிக் குடுத்தேன், பிள்ளைங்க பேரு போடாமத்தான் எழுதுனோம். மூணு வாரம் கழிச்சு ஹெட் ஆபீஸ்ல இருந்து பதில் வந்துச்சு, இங்கிலீஷ்ல, நாலே வரி. மரியாதையான லெட்டர்தான். சம்பந்தப்பட்டவங்க பேரையும் நடந்த விவரத்தையும் "இன் ஸ்ட்ரிக்ட் கான்ஃபிடன்ஸ்" குடுக்கும்படி கேட்டிருந்தாங்க.

நான் அதை எப்படி சொன்னேன் தெரியுங்களா. "முழு நம்பிக்கையோட பேரையும் விவரத்தையும் சொல்லச் சொல்றாங்கண்ணே, தயங்காதீங்க, தைரியமா சொல்லுங்க." இதுதான் நான் சொன்னது, வார்த்தை கூட எனக்கு மறக்கல. அந்த மனுஷன் முகம் அப்படியே மலர்ந்துபோச்சு. கம்பெனியே நம்ம பக்கம் இருக்குன்னு நினைச்சுட்டாரு. மறுநாள் ஷிப்ட் மாறுற நேரத்துல கேட்டுக்கிட்ட எல்லாரும் கூடியிருக்குறப்ப அந்த லெட்டரை தூக்கிக் காட்டி, இந்தா பாருங்க ஹெட் ஆபீஸே கேட்டிருக்குன்னு, அந்த ரெண்டு பிள்ளைங்க பேரையும் சொல்லி, சூப்பர்வைசர் நிக்கிறப்பவே சத்தமா சொல்லிட்டாரு. அவரு மேல ஒரு தப்பும் இல்ல. நான் சொன்னதை அப்படியே செஞ்சாரு, அவ்வளவுதான்.

அதுல ஒரு பிள்ளையோட அப்பா மறுநாளே வந்து ஊருக்குக் கூட்டிட்டுப் போயிட்டாரு, அந்தப் பிள்ளை திரும்ப வேலைக்கு வரவே இல்ல. இன்னொரு பிள்ளை நான் எதுவுமே சொல்லலன்னு எழுதிக் குடுத்துடுச்சு. விசாரணையே நடக்கல. ஒரு மாசம் கழிச்சு அந்த லெட்டரை கோர்ட்டுல ஒரு வக்கீல் ஐயா பாத்துட்டு, பென்சிலால அந்த "இன்" மேல ஒரு கோடு போட்டு, "இது நம்பிக்கையோடன்னு இல்லப்பா, யாருக்கும் தெரியாம, ரகசியமா குடுங்கன்னு அர்த்தம்"னு சொன்னாரு. எனக்குக் கை கால் ஓடல. ஒரு சின்ன "இன்", அதை நான் "வித்"துன்னு நினைச்சுப் படிச்சுட்டேன். வித் கான்ஃபிடன்ஸ்னா தைரியமா, தயக்கம் இல்லாம. இன் கான்ஃபிடன்ஸ்னா உனக்கும் எனக்கும் மட்டும், மூணாவது ஆளுக்குத் தெரியக்கூடாது. கிட்டத்தட்ட நேர் எதிர். அந்த லெட்டரோட ஜெராக்ஸ் இன்னும் என் டேபிள் கண்ணாடிக்கு அடியில இருக்கு.

அதுக்கப்புறம்தான் இந்த வார்த்தையை விடாம துரத்த ஆரம்பிச்சேன், அகராதி, பழைய கேஸ் கட்டு, பேப்பர், எங்க பாத்தாலும். மூலம் லத்தீன். ஃபீதெரேன்னா நம்புறது, முன்னாடி கான் சேந்தா முழுசா நம்புறது. ஃபீதேஸ்னா நம்பிக்கை, சொன்ன சொல்லு காப்பாத்துறது. இந்தக் குடும்பத்து வார்த்தை நம்ம ஊர்ல தினமும் புழங்குது, நமக்குத்தான் தெரியல. நான் ஒரு நாளைக்கு இருபது டைப் பண்ற அபிடவிட் அதே வேர்தான், சத்தியம் வச்சு சொல்லியிருக்கான்னு அர்த்தம். காலேஜ்ல பஸ் பாஸுக்கும் ஸ்காலர்ஷிப்புக்கும் வாங்குற போனஃபைட் சர்டிபிகேட் இருக்கே, போனா ஃபைட், நல்ல நம்பிக்கையில, அதாவது பொய் புரட்டு இல்லாம. கூச்ச சுபாவத்துக்கு இங்கிலீஷ்ல டிஃபிடன்ட்னு சொல்றாங்களே, அதுவும் இதே வேர்தான், நம்பாம இருக்குறது. 17ஆம் நூற்றாண்டு இங்கிலீஷ்ல டிஃபிடன்ஸ்னா அடுத்தவனை நம்பாத குணம்னு அர்த்தம், அப்புறம் போகப் போக தன்னையே நம்பாத குணம்னு மாறிடுச்சு.

இதை எதுக்கு சொல்றேன்னா, வேர்லயே இது ரெண்டு பேருக்கு நடுவுல உள்ள விஷயம். ஒருத்தன் இன்னொருத்தனை நம்பி ஒண்ணை ஒப்படைக்கிறான், பணமோ, பொறுப்போ, மனசுல உள்ள விஷயமோ. பணத்தையோ பொறுப்பையோ ஒப்படைச்சா அது நம்பிக்கை. விஷயத்தை ஒப்படைச்சா அது ரகசியம். தன்னைத்தானே நம்புறதுங்கிற அர்த்தமும் உண்டு, நான் இல்லன்னு சொல்லல, ஆனா அது இந்த வார்த்தைக்கு உள்ள பல அர்த்தத்துல ஒண்ணு, அதைக் குழப்பம் இல்லாம சொல்லணும்னா இங்கிலீஷ்காரனே முன்னாடி செல்ஃப்னு ஒண்ணைச் சேத்து செல்ஃப் கான்ஃபிடன்ஸ்னு சொல்லுவான். நம்ம தமிழ்லயும் அதே மாதிரிதான், நம்பிக்கைக்கு முன்னாடி "தன்" சேத்தாதான் தன்னம்பிக்கை. அப்ப வெறும் கான்ஃபிடன்ஸுக்கு நேரா தன்னம்பிக்கைன்னு மட்டும் போட்டா மீதி அர்த்தமெல்லாம் எங்க போச்சு?

சட்டசபை, பார்லிமென்ட் செய்தியை எடுத்துக்கோங்க. நோ கான்ஃபிடன்ஸ் மோஷன், நம்பிக்கையில்லாத் தீர்மானம், இலங்கைத் தமிழ் பேப்பர்ல நம்பிக்கையில்லாப் பிரேரணைன்னு போடுவாங்க. 1962 சீனா சண்டைக்கு அப்புறம் 1963 ஆகஸ்ட்ல நேரு மந்திரிசபை மேல கிருபளானி கொண்டுவந்ததுதான் மக்களவையில முதல் நம்பிக்கையில்லாத் தீர்மானம், ஆதரவா 62 ஓட்டு, எதிரா 347 ஓட்டு, தோத்துப்போச்சு. 1999 ஏப்ரல் 17ஆம் தேதி வாஜ்பாய் அரசு ஒரே ஒரு ஓட்டுல கவுந்துச்சே, 269க்கு 270, அ.தி.மு.க. ஆதரவை வாபஸ் வாங்கினதுக்கு அப்புறம் நடந்தது, அது நம்பிக்கையில்லாத் தீர்மானம் இல்ல, அரசாங்கமே கொண்டுவந்த நம்பிக்கை கோரும் தீர்மானம். நிறைய பேரு இன்னும் ரெண்டையும் ஒண்ணாவே எழுதுறாங்க. நீ எங்களுக்கு வேணாம்னு எதிர்க்கட்சி கொண்டுவந்தா அது நம்பிக்கையில்லாத் தீர்மானம், என்கூட எத்தனை பேரு இருக்காங்கன்னு எண்ணிக்கோங்கன்னு ஆளுங்கட்சியே நின்னா அது நம்பிக்கை ஓட்டு. 2017 பிப்ரவரி 18ல நம்ம சட்டசபையில எடப்பாடி பழனிசாமி 122க்கு 11னு ஜெயிச்சதும் ரெண்டாவது வகைதான். எதுவா இருந்தாலும் அங்க கான்ஃபிடன்ஸ்ங்கிறது ஆளுறவர் மனசுக்குள்ள இல்ல, சபையோட கையில இருக்கு. வாஜ்பாய்க்கு தன்னம்பிக்கை இல்லாமலா போச்சு அன்னைக்கு? உங்க கட்டத்துல படிச்ச ஒரு எட்டாங்கிளாஸ் பிள்ளை, நோ கான்ஃபிடன்ஸ் மோஷன்னு கேட்டா தன்னம்பிக்கை இல்லாத தீர்மானம்னுதானே நினைக்கும்.

ஏமாத்துக்காரனுக்கும் இதே வார்த்தைதான். கான் மேன்னு இங்கிலீஷ் படத்துல சொல்றாங்களே, அந்த "கான்" கான்ஃபிடன்ஸோட முதல் பாதி. 1849ல நியூயார்க்ல வில்லியம் தாம்சன்னு ஒருத்தன், நல்லா டீசண்டா டிரஸ் பண்ணிக்கிட்டு, ரோட்ல போற பணக்காரன்கிட்ட பழைய பழக்கம் மாதிரி பேச்சு குடுத்து, நாளை வரைக்கும் உங்க வாட்சை என்கிட்ட குடுத்து வைக்கிற அளவுக்கு என் மேல உங்களுக்கு கான்ஃபிடன்ஸ் இருக்கான்னு கேப்பானாம், கேட்டவங்க மறுக்கக் கூச்சப்பட்டு கழட்டிக் குடுத்துடுவாங்களாம், அவன் சிரிச்சுக்கிட்டே நடையைக் கட்டிடுவான். அவன் பிடிபட்டப்ப அங்க உள்ள பேப்பர் அவனுக்கு வச்ச பேருதான் கான்ஃபிடன்ஸ் மேன். அவன் தன்னம்பிக்கையுள்ள ஆளுங்கிறதால வந்த பேரு இல்ல அது, மத்தவன் நம்பிக்கையைத் திருடுறவன்ங்கிறதால வந்த பேரு.

நம்ம ஊர்ல இந்த மாதிரி ஆளை ஃபோர் ட்வென்ட்டின்னு சொல்லிப் பழகிட்டோம், அது 1860ல வந்த ஐ.பி.சி., அதாவது இந்திய தண்டனைச் சட்டத்தோட 420வது பிரிவு, மோசடி. 2024 ஜூலை 1ல இருந்து அதுக்குப் பதிலா பாரதிய நியாய சன்ஹிதாங்கிற புதுச் சட்டம் வந்ததுல அது 318 ஆயிடுச்சு, ஆனா ஜனங்க வாயில 420 மாறாது. அதோட இன்னொரு பிரிவு இருக்கு, முன்னாடி 406, இப்ப 316, நம்பிக்கை மோசடி. கடைக்கு வர்ற பாதிப்பேரு ரெண்டையும் ஒண்ணுன்னு நினைச்சு மனு எழுதச் சொல்லுவாங்க. முதல்லயே ஏமாத்துற நோக்கத்தோட வந்து பணத்தை வாங்கிட்டுப் போனா 420. நல்லபடியா ஒப்படைச்ச பணத்தையோ நகையையோ வச்சிருந்தவன் அப்புறமா கையாடிட்டா நம்பிக்கை மோசடி. சீட்டுப் பணம், கூட்டு வியாபாரம், அண்ணன்கிட்ட குடுத்து வச்ச நகை, இந்தக் கதையெல்லாம் டைப் பண்ணி டைப் பண்ணி எனக்கு ஒண்ணு நல்லா தெரிஞ்சுது. பணம் போனதை விட நம்பினேனேங்கிறதை சொல்றப்பதான் ஆளுங்க அழுவாங்க.

தமிழ்ல இதுக்கெல்லாம் வார்த்தை இல்லாமயா இருக்கு? நிறைய இருக்கு, நம்மதான் எல்லாத்தையும் நம்பிக்கைங்கிற ஒரே வண்டியில ஏத்திட்டோம். விடியும்ங்கிற எதிர்பார்ப்பும் நம்பிக்கை, சாமி இருக்குங்கிறதும் நம்பிக்கை, பூனை குறுக்க போனா ஆகாதுங்கிறது மூடநம்பிக்கை, ஆளை நம்புறதும் நம்பிக்கை, தன்னை நம்புறது தன்னம்பிக்கை. கிறிஸ்தவங்க பைபிளை தமிழ்ல மாத்தினப்ப இதைப் பிரிச்சுதான் வச்சிருக்காங்க, "விசுவாசம், நம்பிக்கை, அன்பு இம்மூன்றும் நிலைத்திருக்கிறது"ன்னு, அங்க நம்பிக்கைன்னா எதிர்பார்ப்பு, விசுவாசம்னா பற்றுதல். அதுக்கு முன்னாடி நம்ம வள்ளுவர். தெரிந்து தெளிதல்னு ஒரு அதிகாரமே இதுக்காக வச்சிருக்காரு, 51வது அதிகாரம். "தேறற்க யாரையும் தேராது தேர்ந்தபின் தேறுக தேறும் பொருள்." ஆராயாம யாரையும் நம்பிடாதே, ஆராய்ஞ்ச பிறகு எதை நம்பி ஒப்படைக்கலாமோ அதை ஒப்படை. அடுத்த குறள்ல ஆராயாம நம்புறதும், நம்பின பிறகு சந்தேகப்படுறதும் தீராத துன்பம் தரும்னு முடிச்சுடுறாரு. தேறுதல், தெளிதல், இந்த ரெண்டும் அப்படியே இங்கிலீஷ்காரன் கான்ஃபிடன்ஸ் இன் எ பர்சன்னு சொல்றதுதான். இப்ப பேச்சுல "இவன் தேறுவானா"ன்னு கேக்குறோமே, நம்பலாமா முடியாதாங்கிற அந்தப் பழைய வாசனை அதுல கொஞ்சம் இருக்குன்னு எனக்குத் தோணும்.

ஓவர் கான்ஃபிடன்ஸுக்கு என்ன தமிழ்னு ஒரு காலேஜ் பையன் கேட்டான், அதீத தன்னம்பிக்கைன்னு பேப்பர்ல போடுறாங்களேண்ணான்னான். எங்க ஆத்தா இருந்திருந்தா மிதப்புன்னு ஒரே வார்த்தையில சொல்லியிருக்கும். மிதப்புல இருந்தான், கோட்டை விட்டான். அசட்டு தைரியம், தலைக்கனம், எல்லாம் சொல்லலாம், ஒண்ணொண்ணும் வேற வேற. இதுக்கும் குறள் இருக்கு, "உடைத்தம் வலியறியார் ஊக்கத்தின் ஊக்கி இடைக்கண் முரிந்தார் பலர்", தன்னோட பலம் எவ்வளவுன்னு தெரியாம ஆசையில கிளம்பி பாதியில ஒடிஞ்சு போனவங்க நிறைய பேரு. பரீட்சைக்குப் போற பிள்ளைகிட்ட பி கான்ஃபிடன்ட்னு சொல்றதுக்கு நேரா "தெம்பா எழுதிட்டு வா"ன்னு சொல்லிப் பாருங்க, எவ்வளவு இதமா இருக்கு. மேடையில பேசுறவனுக்கு துணிச்சல், வேலையை முடிக்கிறவனுக்கு மனத்திட்பம்.

இப்ப உங்க செய்திப் பக்கத்துக்கு வர்றேன், கோச்சுக்காதீங்க. "கூட்டணிக் கட்சிகளை நம்பிக்கையில் எடுத்துக்கொள்ளாமல்", "விவசாயிகளை நம்பிக்கையில் எடுத்து"ன்னு அடிக்கடி வருது. இது எந்தத் தமிழு? டேக்கிங் இன்டு கான்ஃபிடன்ஸ்ங்கிறதை அப்படியே எழுத்துக்கு எழுத்து மாத்துனது. அதோட அர்த்தம் நம்புறது கூட இல்ல, உள் விஷயத்தை முன்கூட்டியே சொல்லி கூட வச்சுக்கறது. நம்ம ஊர்ல எந்தப் பெருசும் "அவரை நம்பிக்கையில எடுக்காம ரோட்டுக்கு இடம் அளந்துட்டாங்க"ன்னு சொல்லாது, "எங்ககிட்ட சொல்லாம கொள்ளாம அளந்துட்டாங்க"ன்னுதான் சொல்லும். கலந்து பேசாம, ஒரு வார்த்தை கேக்காம, எத்தனை இருக்கு.

அதே மாதிரி கான்ஃபிடன்ட்டுக்கும் கான்ஃபிடான்ட்டுக்கும் ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம், கடைசியில "ஈ" வர்ற இடத்துல "ஏ". முதல்ல உள்ளது உறுதியா இருக்குறவரு, ரெண்டாவது ஒருத்தர் தன் அந்தரங்கத்தையெல்லாம் சொல்லி வைக்கிற ஆளு. பெரிய தலைவர்களைப் பத்தி இங்கிலீஷ்ல வர்ற செய்தியை மாத்துறப்ப இதுல தப்பு வந்து நான் பாத்திருக்கேன்.

கவர்மென்ட் ஆபீஸ்ல இதை ரொம்ப அழகா தீர்த்து வச்சிருக்காங்க, அதைச் சொல்லாம விட்டா பாவம். கான்ஃபிடன்ஷியலுக்கு மந்தணம்னு ஆட்சித்தமிழ்ல வார்த்தை இருக்கு. கவர் மேல மந்தணம்னு போட்டுத் தரச் சொல்லி கிளார்க்குங்க வருவாங்க, எனக்கு அந்த வார்த்தையை டைப் பண்றப்பவே குரலைத் தாழ்த்தி பேசுற மாதிரி இருக்கும். சீக்ரெட்டுக்கு ரகசியம், கான்ஃபிடன்ஷியலுக்கு மந்தணம், ரெண்டும் ஒண்ணு இல்ல. ரகசியம் யாருக்குமே தெரியக்கூடாதது, மந்தணம் யாருக்குத் தெரியணுமோ அவங்களுக்கு மட்டும் தெரியவேண்டியது. அரசு ஊழியர்களுக்கு வருஷா வருஷம் மேலதிகாரி எழுதுற ஏ.சி.ஆர். இருக்கே, அந்த "சி" இந்த கான்ஃபிடன்ஷியல்தான். ரொம்ப காலம் அதுல மோசமான குறிப்பு இருந்தா மட்டும்தான் எழுதப்பட்டவருக்குச் சொல்லணும்னு இருந்துச்சு, மத்ததையெல்லாம் காட்டமாட்டாங்க, புரமோஷன் போனப்புறம்தான் தெரியும். 2008ல தேவ் தத் கேஸ்ல சுப்ரீம் கோர்ட்டு, அதுல எழுதுற எல்லா குறிப்பையும் சம்பந்தப்பட்டவருக்குத் தெரிவிக்கணும்னு தீர்ப்பு சொல்லிச்சு. அது சரியான தீர்ப்புன்னு நான் நினைக்கிறேன், ஒருத்தனைப் பத்தின விஷயத்தை அவன்கிட்டயே மறைக்கிறதுல என்ன மந்தணம்?

அந்த மில்லு பிள்ளைங்க விஷயத்துக்குத் திரும்ப வர்றேன். அன்னைக்கு அதுக்குன்னு தனிச் சட்டம் கிடையாது. 1997 ஆகஸ்ட்ல விசாகா தீர்ப்புல, வேலை பாக்குற இடத்துல பொண்ணுங்களுக்கு நடக்குற பாலியல் தொல்லையைத் தடுக்க சுப்ரீம் கோர்ட்டு வழிமுறை போட்டுச்சு, 2013ல சட்டமே வந்துச்சு, இப்ப பத்துப் பேரோ அதுக்கு மேலயோ வேலை பாக்குற இடத்துல உள்ளகப் புகார்க் குழு இருக்கணும். அந்தச் சட்டத்துல 16வது பிரிவு, புகார் குடுத்த பொண்ணோட பேரு, விலாசம், சாட்சி விவரம், விசாரணை விவரம் எதையும் வெளியிடக்கூடாதுன்னு சொல்லுது. அதாவது "இன் ஸ்ட்ரிக்ட் கான்ஃபிடன்ஸ்"ங்கிற அந்த மூணு வார்த்தை இப்ப சட்டம். ஆனா இந்த சட்டத்தைப் பத்தி கம்பெனியில ஒட்டியிருக்குற தமிழ் நோட்டீஸ்ல "உங்கள் புகார் நம்பிக்கையுடன் கையாளப்படும்"னு ஒரு இடத்துல பார்த்தேன், கம்பெனி பேரு வேணாம். அதைப் படிக்கிற ஒரு பொண்ணுக்கு என்ன புரியும்? பேரு வெளிய வராதுங்கிற உறுதி அதுல எங்க இருக்கு? "உங்க பேரு யாருக்கும் தெரியாது"ன்னு நாலு வார்த்தையில எழுதியிருந்தா தயங்கி நிக்கிற ஒரு பிள்ளை உள்ள போயிருக்கும்.

எங்க தெருவுல ஒரு பொண்ணு, பி.காம். முடிச்சிருக்கு, வீட்டுல முதல் பட்டதாரி. டேலி அத்துப்படி. ஒரு கம்பெனிக்கு கணக்கு எழுதுற வேலைக்கு இன்டர்வியூ போச்சு, கிடைக்கல. கேட்டதுக்கு லேக் ஆஃப் கான்ஃபிடன்ஸ்னு சொல்லிட்டாங்களாம். என்னம்மா கேட்டாங்கன்னேன். ஜி.எஸ்.டி.யில ஒரு கேள்வி கேட்டிருக்காங்க, இது "ஒரு தடவை பாத்துட்டு சொல்றேன் சார்"னு சொல்லியிருக்கு, அடுத்தவன் தப்போ சரியோ டக்டக்குன்னு இங்கிலீஷ்ல அடிச்சு விட்டிருக்கான், அவனை எடுத்துட்டாங்க. அதுல இருந்து அந்தப் பொண்ணு கண்ணாடி முன்னாடி நின்னு சத்தமா பேசிப் பழகுது, எனக்கு கான்ஃபிடன்ஸே இல்லண்ணா, அது எனக்கு வராதுன்னு சொல்லுது. மனசு கஷ்டமாயிருச்சு. இந்த வார்த்தையோட முதல் அர்த்தத்துல பாத்தா கேள்வியே வேற, இந்தப் பிள்ளைகிட்ட நம்ம கணக்குப் புஸ்தகத்தை நம்பிக் குடுக்கலாமாங்கிறதுதான் கேள்வி. பாத்துட்டு சொல்றேன்னு சொல்ற பிள்ளைகிட்டதான் நான் குடுப்பேன். "நம்ப நட, நம்பி நடவாதே"ன்னு நம்ம பெரியவங்க சொன்னதுல முதல் ரெண்டு வார்த்தையை யாரும் இப்ப எடுத்துக்கறது இல்ல. அடுத்தவன் நம்மளை நம்புற மாதிரி நடக்குறது, அதுவும் கான்ஃபிடன்ஸ்தான், சொல்லப்போனா அதுதான் மூத்த அர்த்தம். நாம அதைத் தூக்கிப் போட்டுட்டு, கூச்சப்படாம இங்கிலீஷ் பேசுறதுக்குப் பேரு கான்ஃபிடன்ஸ்னு பிள்ளைங்க தலையில கட்டிட்டோம், வராத பிள்ளைங்க தன்னையே குறைச்சலா நினைச்சுக்குது.

எலெக்‌ஷன் நேரத்துல கருத்துக்கணிப்பு போடுறப்ப "95 சதவீத நம்பிக்கை"ன்னு ஓரமா ஒரு வரி வரும், அதையும் ஒரு தடவை விளக்கிப் போடுங்க. என் கடையில உக்காந்து பேப்பர் படிக்கிற ஒருத்தர் 95 சதவீதம் இவருதான் ஜெயிப்பாருன்னு போட்டிருக்குன்னு பந்தயமே கட்டிட்டாரு. அது 1930கள்ல நேமன்ங்கிற கணக்கு நிபுணர் கொண்டுவந்த முறை, பன்னெண்டாங்கிளாஸ் பாடத்துல நம்பிக்கை இடைவெளின்னு வருது. ஜெயிக்கிறவருக்கு 95 சதவீத வாய்ப்புன்னு அதுக்கு அர்த்தம் இல்ல. அதே மாதிரி கணக்கெடுப்பை நூறு தடவை எடுத்தா, சுமாரா 95 தடவை உண்மையான அளவு அவங்க சொல்ற எல்லைக்குள்ள வந்து விழும்னு அர்த்தம். ஆயிரம் பேரை சரியா குலுக்கல் முறையில எடுத்துக் கேட்டா அந்த எல்லை முன்ன பின்ன மூணு சதவீதம் வரும், 40ன்னு போட்டா 37ல இருந்து 43 வரைக்கும் எதுவா வேணா இருக்கலாம். மூணு சதவீதத்துல நம்ம ஊர்ல ஆட்சியே மாறிடும்.

புழக்கத்தைப் பத்தி ஒண்ணு மட்டும் சொல்லி முடிச்சுக்கறேன், பிள்ளைங்களுக்கு உபயோகமா இருக்கும். "இன்" எங்க வருதுன்னு பாக்கச் சொல்லுங்க. "இன் கான்ஃபிடன்ஸ்"னு முன்னாடி வந்தா மந்தணம், வெளிய சொல்லாதே. "கான்ஃபிடன்ஸ் இன் ஹிம்"னு பின்னாடி வந்தா அவரு மேல நம்பிக்கை. "வித்" வந்தா தயக்கம் இல்லாம. "எ கான்ஃபிடன்ஸ்"னோ, பன்மையில கான்ஃபிடன்சஸ்னோ வந்தா ஒருத்தர் இன்னொருத்தர்கிட்ட நம்பிச் சொன்ன விஷயம். "கான்ஃபிடன்ட் ஆஃப்", "கான்ஃபிடன்ட் தட்"னு வந்தா அது நடக்கும்னு உறுதியா நினைக்கிறது, ஜெயிப்போம்னு உறுதியா இருக்காங்கன்னு தமிழ்ல சொல்லிடலாம்.

அடுத்த ஞாயித்துக்கிழமை அந்தக் கட்டத்துல இந்த வார்த்தையை இன்னொரு தடவை போடுங்க சார். ரெண்டு வரி கூடுதலா போதும், நம்பிக்கை, மந்தணம், அப்புறம் தன்னம்பிக்கை, இந்த வரிசையில. இடம் பத்தலன்னா அந்த உதாரண வாக்கியத்தை எடுத்துட்டு, "இன் ஸ்ட்ரிக்ட் கான்ஃபிடன்ஸ் - யாருக்கும் தெரியாம"ன்னு அந்த இடத்துல போட்டுடுங்க.

இப்படிக்கு,
ஜாப் டைப்பிங் கடைக்காரர்,
திண்டுக்கல்